கொழுந்து மாடியில் பதினொரு புத்தகங்கள்

ஷாமிளாவின் தலையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. பெட்டிக்குள் பன்னிரண்டு புத்தகங்கள். பன்னிரண்டும் புத்தம் புதியவை. இன்னும் யாருமே படிக்காதவை. அதை நினைக்க நினைக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கல்லுமலைத் தோட்டத்துப் பாடசாலையில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஷாமிளாதான் நூலகப் பொறுப்பு மாணவி. பொறுப்பு என்னவோ பெரியதுதான். ஆனால் நூலகம் என்று சொல்ல அங்கே ஓர் அலுமாரியும், அட்டை கிழிந்த ஒன்பது கதைப் புத்தகங்களும் மட்டுமே இருந்தன. அந்த ஒன்பதையும் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பித்துவிடுவார்கள்.

தெரணியகலை நூலகத்திலிருந்து அவள் இரவல் வாங்கி வந்த இந்தப் பெட்டியில் இருந்தவை கதைப் புத்தகங்கள் அல்ல. பறவைகளைப் பார்த்து அடையாளம் காண ஒன்று, தபால்தலை சேர்க்க ஒன்று, பட்டம் கட்ட ஒன்று, வானத்து நட்சத்திரங்களுக்கு ஒன்று, இரத்தினக்கற்களுக்கு ஒன்று, வீட்டுத் தோட்டத்துக்கு ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்கள். அந்தப் பகுதித் தோட்டங்களின் பழைய வரலாற்றைச் சொல்லும் தடித்த புத்தகம் ஒன்றும் இருந்தது. எல்லாம் தமிழில்!

நூலகப் பொறுப்பாளர் ஹபீஸா மிஸ் பெட்டியைக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார்.

"ஒரு கிழமைக்குத் தாறேன் புள்ள. வாற சனிக்கிழமை நல்லபடியா திருப்பிக் கொண்டு வந்தா, மாசாமாசம் ஒரு பெட்டி உங்க தோட்டத்துக்கு. பழுதாக்கிக் கொண்டு வந்தா அதோட சரி. நான் கேட்டாலும் மேல இருக்கிறவங்க விட மாட்டாங்க."

பிறகு பெட்டியைப் பொலித்தீன் தாளால் நன்றாகச் சுற்றிக் கட்டினார். தெரணியகலையின் மழையை அவருக்குத் தெரியாதா?

பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகு தோட்டத்துக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும். கூட வந்த சசி, அவளுடைய வகுப்புத் தோழன், பாதி வழியில் ஆரம்பித்துவிட்டான். பட்டப் புத்தகத்தை மட்டும் ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன என்று கேட்டான். ஷாமிளா முடியாது என்றாள். இருபதடி நடந்தாள். அவளுக்கும் அதே ஆசைதானே! பாதையோரக் கல்லில் பெட்டியை இறக்கி வைத்தாள். பொலித்தீனை அவிழ்த்தாள்.

பட்டத்தைப் பார்த்தால் பறவையைப் பார்க்க வேண்டாமா? பறவையைப் பார்த்தால் நட்சத்திரத்தை விட்டுவிடலாமா? புத்தகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இருவரும் மாறி மாறிக் காட்டிக்கொண்டார்கள். வானம் கறுத்ததை இருவருமே பார்க்கவில்லை.

மழை தூறிவிட்டு வரவில்லை. ஒரேயடியாகக் கொட்டியது. கையில் அகப்பட்டதை எல்லாம் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு ஓடினார்கள். பொலித்தீன் காற்றில் பறந்துபோனது. பாலத்துக்குப் பக்கத்தில் நனைந்த பெட்டியின் அடி பிய்ந்தது. பன்னிரண்டு புத்தகங்களும் தொப்பென்று சேறும் தண்ணீருமாக ஓடிய பாதையோரக் கானுக்குள் விழுந்தன.

லயத்து வரிசையில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஷாமிளா அழுதுகொண்டிருந்தாள். அம்மா ஜெயம்மா திட்டவில்லை. துணியை எடுத்து ஒவ்வொரு புத்தகமாகச் சேற்றைத் துடைத்துக் கொடுத்தாள். துடைக்கலாம், உள்ளே போன தண்ணீரை என்ன செய்வது?

அவசரத்தில் ஷாமிளாவுக்கு ஒரு யோசனை வந்தது. அடுப்புக்கு மேலே விறகு காய வைக்கும் தட்டு இருந்தது. தபால்தலைப் புத்தகத்தைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தாள். அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், அட்டை அப்பளம் போலச் சுருண்டிருந்தது. ஓரமெல்லாம் மஞ்சளாகிப் போயிருந்தது. நடுவில் இருந்த பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இழுத்தால் கிழிந்தன.

"ஒன்னு போச்சு," என்றாள் ஷாமிளா. "மத்ததையும் இப்படி வச்சிருந்தா எல்லாமே போயிருக்கும்."

மீதிப் பதினொன்றையும் பாயில் பரப்பி வைத்துவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடு கூடாது. வெயிலும் இல்லை. ஆனால் காய வேண்டும். சூடு இல்லாமல் எதைத்தான் காய வைக்கிறார்கள்?

அவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதையா? தோட்டத்தில் தினமும்தான் காய வைக்கிறார்களே!

அம்மாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையின் மேல் மாடியில் வேலை. மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை அங்கே நீளமான கம்பிவலைத் தட்டுகளில் பரப்புவார்கள். அடியிலிருந்து பெரிய காற்றாடி காற்றை ஊதும். கொழுந்தை அடிக்கடி பிரட்டி விடுவார்கள். மெல்ல மெல்ல ஈரம் போய் இலை வாடும். அதற்குப் பிறகுதான் அரைப்பதும், சூட்டில் காய வைப்பதும். ஈர இலையை நேரே சூட்டில் போட்டால் கருகிவிடும் என்று அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்!

ஞாயிற்றுக்கிழமை காலையில், புத்தக மூட்டையோடு ஷாமிளாவும் சசியும் தொழிற்சாலை வாசலில் நின்றார்கள். அன்று மலையில் கொழுந்து எடுப்பதில்லை. முதல் நாள் கொழுந்தை முடிக்க அம்மாவும் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள்.

தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கர் சுதாகரன் ஐயாவைக் கண்டால் பெரியவர்களுக்கே கொஞ்சம் உதறும். தேயிலை எந்த வாசனையையும் உடனே இழுத்துக்கொள்ளும் என்பதால், அவர் தொழிற்சாலைக்குள் பவுடர் பூசிக்கொண்டு வரக்கூட யாரையும் விடமாட்டார். ஒருமுறை தோட்ட மேலாளரான பெரிய துரையின் விருந்தாளி சென்ட் அடித்துக்கொண்டு வந்தபோது, அவரையும் வெளியிலேயே நிற்க வைத்தவர் அவர்.

ஷாமிளா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் புத்தகம் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார். பசை வாசனை, மை வாசனை, கான் வாசனை, மூன்றும் சேர்ந்து வந்தன. இதைக் கொண்டுபோய்த் தேயிலைக்குப் பக்கத்தில் வைத்தால் தன் பேர் கெட்டுவிடும் என்றார்.

ஷாமிளா நகரவில்லை.

"ஐயா, கடைசித் தட்டு இன்னைக்குச் சும்மாதானே இருக்குங்க. அது ஜன்னல் பக்கம். காத்து வெளியதான் போகும், கொழுந்துப் பக்கம் வராதுங்க. நாளைக்குப் புதுக்கொழுந்து வர்றதுக்குள்ள தட்டைக் கழுவித் தொடைச்சுக் குடுத்துர்றோம். நீங்களே மோந்து பாருங்க."

டீமேக்கர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தன் மாடியில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று இத்தனை சரியாகச் சொன்ன ஆளை அவர் அன்றுவரை பார்த்ததில்லை.

"பாதி வேகத்துலதான் காத்தாடி போடுவேன்," என்றார் அவர். "ஒரு சொட்டு வாசனை மிஞ்சினாலும் நாளைக்கு உன்னையே தட்டுல போட்டு வாட்டிருவேன்."

சசி வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வந்தான். ஈரப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, இடையிடையே தாளைச் செருகினார்கள். பிறகு புத்தகங்களை விரித்துத் தட்டின்மேல் நிறுத்தினார்கள். காற்றாடி உறுமியது. பதினொரு புத்தகங்களும் பக்கங்களைப் படபடவென்று அடித்தன.

கொழுந்தைப் போலவே புத்தகத்தையும் பிரட்ட வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை தாளை மாற்றி, அடுத்த பக்கங்களை விரிக்க வேண்டும். இரண்டு பேருக்கு அது பெரிய வேலை. அம்மா கைகொடுத்தாள். பிறகு அம்மாவோடு வேலை செய்யும் இருளாயி அக்கா வந்தார். பிரட்ட வந்த இருளாயி அக்கா வீட்டுத் தோட்டப் புத்தகத்தில் ரோஜாப் பதியன் வைக்கும் பக்கத்தைப் பிரட்டவே இல்லை. நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பிரட்டுங்க," என்றாள் ஷாமிளா.

"இரு புள்ள, இந்தப் பக்கம் இன்னும் காயல்ல."

அப்புறம் எல்லாருக்கும் அதே நோய் வந்துவிட்டது. கீழே இயந்திரத்தில் நின்றவர்கள் ஆளுக்கு ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு மேலே வந்தார்கள். ஒருவர் பறவையைப் பார்த்து, இதுதான் தன் வீட்டுக் கொய்யாவைத் தின்கிற திருடன் என்றார். டீமேக்கர் ஐயா காற்றாடியைப் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு நான்கு தடவை வந்தார். நான்கு தடவையும் இரத்தினக்கல் புத்தகத்துக்குப் பக்கத்தில்தான் நின்றார்.

மத்தியானம் போல ஐயாவு தாத்தா மேலே ஏறி வந்தார். தொழிற்சாலையிலேயே பழைய ஆள் அவர்தான். எழுத்துப் படிக்கத் தெரியாது. படங்கள் நிறைய இருந்ததால் ஷாமிளா அவருக்குத் தோட்ட வரலாற்றுப் புத்தகத்தைக் கொடுத்தாள். அவர் பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகப் பிரட்டிக்கொண்டு போனார். ஓரிடத்தில் கை நின்றது.

"இந்தப் பாறையை எனக்குத் தெரியுமே," என்றார்.

கறுப்பு வெள்ளைப் படம் அது. தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். வாசலில் கூடைகளோடு பெண்கள். பின்னால் நடுவில் பிளந்த ஒரு பெரிய பாறை. கீழே எழுதியிருந்ததை ஷாமிளா உரக்கப் படித்தாள். 'சப்ரகமுவையின் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, 1920 அளவில். இடம் தெரியவில்லை.'

ஷாமிளா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். வெளியே பாறை நின்றது. படத்தை அதற்கு நேராகப் பிடித்தாள். பிளவு அதே இடத்தில் இருந்தது. இடது பக்கத்துக் கூம்பும் அப்படியே இருந்தது. கட்டடம் மட்டும் இரண்டு மாடியாக வளர்ந்திருந்தது.

"நம்ம ஃபெக்டரி!" என்று கத்தினாள் அவள். "இடம் தெரியலைன்னு போட்டிருக்காங்க. நாம இப்ப அதுக்குள்ளதான் நிக்கிறோம்!"

அதற்குப் பிறகு ஜன்னலில் நிற்க இடமில்லை. ஒவ்வொருவரும் படத்தை வாங்கிப் பாறையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டீமேக்கர் ஐயா ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்து பார்த்துவிட்டு, சந்தேகமே இல்லை என்றார். ஷாமிளா படத்தின் கீழே இருந்த வரியை மறுபடியும் படித்தாள். புத்தகத்துக்கே தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரிந்திருக்கிறதே!

சாயங்காலத்துக்குள் பதினொன்றும் காய்ந்தன. டீமேக்கர் ஐயா அவற்றை அடுக்கிப் பலகை வைத்து, அதன்மேல் தராசுப் படிக்கற்களைத் தாமே தூக்கி வைத்தார். பிள்ளைகள் தட்டைக் கழுவித் துடைத்தார்கள். அவர் குனிந்து மோந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் சரி என்று அர்த்தம்.

அந்தக் கிழமை முழுவதும் பாடசாலையில் புத்தகங்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. ஆனால் சனிக்கிழமை நெருங்க நெருங்க ஷாமிளா அவற்றை அடிக்கடி எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். காய்ந்த பக்கங்கள் லேசாக நெளிந்திருந்தன. தபால்தலைப் புத்தகத்தை அடியில் ஒளித்து வைத்தால் மிஸ் கவனிக்கமாட்டார் என்று சசி சொல்லிப் பார்த்தான். ஷாமிளா அதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

சனிக்கிழமை நூலகத்தில், சுருண்ட அட்டையைப் பார்த்ததும் ஹபீஸா மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது. ஷாமிளா எதையும் மறைக்கவில்லை. பொலித்தீனை அவிழ்த்தது, கானில் விழுந்தது, அடுப்பு, காற்றாடி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

மிஸ் மற்றப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார்.

"பச்சைக் கொழுந்து வாசம் அடிக்குது," என்றார். அது கோபமா இல்லையா என்று ஷாமிளாவுக்குத் தெரியவில்லை.

அடுத்து வரலாற்றுப் புத்தகம். அதற்குள்ளிருந்து ஒரு துண்டுத் தாள் எட்டிப் பார்த்தது. ஷாமிளாவின் கையெழுத்து. 'இந்தப் படத்தில் இருப்பது எங்கள் கல்லுமலைத் தோட்டத்துத் தொழிற்சாலை. பாறை இன்னும் இருக்கிறது. கண்டுபிடித்தவர் ஐயாவு தாத்தா.'

மிஸ் அதை இரண்டு முறை படித்தார். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். புத்தகத்தின் முன்னுரையைத் திருப்பி அவளுக்குக் காட்டினார். இடம் தெரியாத படங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதி அறிவிக்கும்படி அதில் கேட்டிருந்தார்கள்.

"இந்தப் புத்தகத்தை வாங்கித் தாங்கன்னு மேல உள்ளவங்ககிட்ட சண்டை புடிச்சவளே நான்தான். இந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்திருப்பேன்!" என்றார் மிஸ். "நீயே இந்தப் புத்தகம் போட்டவங்களுக்குக் கடிதம் எழுது. முகவரி நான் தாறேன். அந்தக் கடிதத்தையும் இந்தப் பதினொரு புத்தகத்தையும் மேல உள்ளவங்ககிட்ட நானே காட்டிப் பேசுறேன். தபால்தலைப் புத்தகத்துக்கும் ஒரு வழி பார்ப்போம். சரி, அடுத்த பெட்டியில என்ன வேணும்? பிள்ளைகள் என்ன கேட்டாங்க?"

ஷாமிளா சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தாள். இருளாயி அக்காவுக்கு ரோஜா. ஐயாவு தாத்தாவுக்குப் படம் நிறைய உள்ளது எதுவானாலும். கொய்யா மரக்காரருக்குத் திருட்டுப் பறவையைத் துரத்துவது எப்படி. டீமேக்கர் ஐயாவுக்கு இரத்தினக்கற்களைப் பற்றி இன்னும் தடியான புத்தகம். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது.

"இதெல்லாம் பெரியவங்க கேட்டது, மிஸ்," என்றாள் அவள். "பிள்ளைங்க கேட்டது வேற தாள்ல இருக்கு."

அடுத்த மாதம் கல்லுமலைத் தோட்டத்துக்கு இரண்டு பெட்டிகள் போயின.