பேர் சொல்லாமல் கூப்பிட்டவள்

மலையடிவாரத்துக் கிராமத்தில் வான் வண்டி நின்றது. நாகேஸ்வரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நிமிர்ந்து பார்த்தாள். எதிரே மலையின் முதுகில் சீனப் பெருஞ்சுவர் உடைந்தும் சரிந்தும் கிடந்தது. நாட்காட்டிப் படங்களில் வருகிற சுவர் அல்ல இது. யாரும் திருத்தாமல் காட்டுக்கு விட்டுவிட்ட பகுதி. கைப்பிடிக் கம்பி இல்லை, கடை இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. கழிப்பறையும் இல்லை என்பதை அவள் வானில் வரும்போதே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

"இந்தக் கல்லுக் குவியலைப் பாக்கவோ மெல்பேணிலயிருந்து பிளேன் ஏறி வந்தனாங்கள்?" என்றாள்.

அவளுடைய கணவர் இந்திரகுமார் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. வராது என்று அவளுக்கும் தெரியும்.

அவர் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்காக மகள் பிரவீணா செய்த ஏற்பாடு இது. தனி வான், தனி வழிகாட்டி, கூட வேறு பயணிகள் கிடையாது. நாகேஸ்வரி கேட்டது சிங்கப்பூர். அங்கே தங்கை இருக்கிறாள், போகிற இடமெல்லாம் ஏசி, முழங்காலுக்கும் தொல்லை இல்லை. "அம்மா, ஹைக்கிங் இஸ் குட் ஃபோர் யூ" என்று மகள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அப்பாவும் மகளும் ஒரு பக்கம் நின்றால் இவள் பேச்சு எங்கே எடுபடும்?

வழிகாட்டியின் பெயர் லின். நாற்பது வயதிருக்கும். ஆங்கிலம் தெளிவாகப் பேசினாள். ஏறுவதற்கு முன் விதிகளை ஒவ்வொன்றாக ஒப்புவித்தாள். ஓரத்துக்குப் போகக்கூடாது, ஆடுகிற கல்லில் கால் வைக்கக்கூடாது. கடைசியாக, "மேலே மூடுபனி திடீரென்று இறங்கும். அப்போது ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சும்மா ஏய், ஹலோ என்று கத்தாதீர்கள்" என்றாள்.

"ஏன்?" என்று கேட்டார் இந்திரகுமார்.

"ஊரில் ஒரு பேச்சு. அந்தக் காலத்தில் இங்கே காவலுக்கு விட்டவர்களில் சிலரைத் திரும்பி வரச்சொல்லி யாருமே கூப்பிடவில்லையாம். யாராவது கூப்பிடமாட்டார்களா என்று இன்னும் காத்திருக்கிறார்களாம்." லின் சிரித்தாள். "பெயர் சொன்னால் அந்தப் பெயருக்குரியவர் வருவார். அவ்வளவுதான்."

நாகேஸ்வரி "யெஸ், யெஸ்" என்று தலையாட்டி வைத்தாள்.

ஆட்டினாளே தவிர, புருஷனின் பெயர் அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து இன்றுவரை "இஞ்சேருங்கோ" தான். டொக்டரிடம் போனால்கூட, பெயர் கேட்கிற பெண்ணிடம் அவருடைய மெடிக்கேர் அட்டையை எடுத்து நீட்டுவாள். பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுள் குறையும் என்று தாய் சொன்னதை நம்புகிறாயா என்று கேட்டால், விசர்க்கதை என்பாள். ஆனால் நாக்கு வளையாது. 'இஞ்சேருங்கோ' என்றால் 'இங்கே பாருங்கள்' என்பதுதான். யாருக்கு என்று அதில் இல்லை. காது இருக்கிற எவரும் திரும்பலாம்.

ஏறத் தொடங்கியதுமே அவர் வழக்கம்போல முன்னால் போய்விட்டார்.

"நீர் ஆறுதலா வாரும். நான் முன்னுக்குப் போறன்."

காய்கறிக் கடையிலும் அப்படித்தான், கோயில் வீதியிலும் அப்படித்தான். அவர் முன்னே, இவள் பைகளோடு பின்னே. கூப்பிட்டால் முதல் தரம் காதில் விழாது. இரண்டாம் தரம் விழுந்தும் விழாததுபோல இருப்பார். தொண்டை வறண்ட பிறகுதான் "என்னப்பா?" என்று, ஏதோ இவள் தொந்தரவு செய்துவிட்டதுபோலத் திரும்புவார். கலியாணம் கட்டிய காலம் முழுக்க அவளுக்கு அவர்மேல் இருந்த மனக்குறை இது ஒன்றுதான். இது ஒன்றே போதுமானதாகவும் இருந்தது.

சுவரின்மேல் மரங்கள் முளைத்திருந்தன. வேர்கள் கற்களை நெம்பித் தள்ளியிருந்தன. ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். லின் கையைப் பிடித்துத் தூக்கிவிட, நாகேஸ்வரி மகளை மனதுக்குள் திட்டிக்கொண்டே ஏறினாள். மேலே ஒரு காவற்கோபுரம் தெரிந்தது. கூரை போய், ஜன்னல் துவாரங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவருடைய நீலத் தொப்பி அந்தப் பக்கம் போவதைக் கண்டாள்.

பிறகு கோபுரம் தெரியவில்லை.

மூடுபனி சத்தமில்லாமல் இறங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற லின்னின் முகம்கூட மங்கிப் போயிற்று. பறவைகளின் சத்தம் நின்றது. எங்கிருந்தோ ஒரு மணம் வந்தது. நெருப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தால் எழும்புமே, அந்த ஈரச் சாம்பல் மணம்.

ஓரமெல்லாம் பள்ளம். மனுசன் படம் எடுக்கிற சந்தோசப் புளுகத்தில் கால் எங்கே வைக்கிறோம் என்றே பார்க்காது. கோபமும் பயமும் சேர்ந்து வர, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"இஞ்சேருங்கோ."

"ஓம், வாறன்."

உடனே வந்தது பதில்.

கோபுரத்தின் பக்கமிருந்து, தெளிவாக, பணிவாக வந்தது. நாகேஸ்வரிக்கு அப்பாடா என்றிருந்தது. காத்திருந்தாள். யாரும் வரவில்லை.

"இஞ்சேருங்கோ, எங்க நிக்கிறியள்?"

"ஓம், வாறன்."

இப்போது கிட்ட.

கற்கள் உரசுகிற சத்தம் கேட்டது. சப்பாத்துக் காலின் சத்தம் அல்ல. சாம்பல் மணம் கூடியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனுசன் என்றைக்கு முதல் தரம் கூப்பிட்டவுடனேயே பதில் சொல்லியிருக்கிறது?

லின் அவளுடைய மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள்?" அவளுடைய குரல் எழும்பவில்லை.

"என்ர ஹஸ்பண்டை."

"பெயர். பெயர் சொன்னீர்களா?"

நாகேஸ்வரி வாயைத் திறந்தாள். இந்த நேரத்திலும் அந்தப் பெயர் வரவில்லை.

"ஓம், வாறன்."

காதோரத்தில்.

"என்னப்பா, ஏன் நடுவழியில நிக்கிறியள்?"

இது பின்னால், கீழேயிருந்து வந்த குரல். நீலத் தொப்பியோடு இந்திரகுமார் படியேறி வந்துகொண்டிருந்தார். மேலே வழி சரிந்து கிடந்ததால் சுற்றிக் கீழ்ப்பாதையால் வந்தாராம்.

"நான் கூப்பிட்டதுக்கு நீங்கள் 'வாறன்' எண்டு சொல்லேல்லையோ?"

"நீர் எங்க கூப்பிட்டனீர்? எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

லின் அவர்கள் இருவரையும் முன்னால் விட்டு, ஓட்டமும் நடையுமாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தாள். அடிவாரத்தில் மூவரும் வானில் ஏறினார்கள். சாரதி கதவைச் சாத்தாமல், இன்னும் ஒருவர் ஏறவேண்டியிருப்பதுபோல மரியாதையாகப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு தலையை ஆட்டிவிட்டு மெல்லச் சாத்தினான். லின் அவனைச் சீனத்தில் ஏதோ கடுமையாக ஏசினாள்.

ஹோட்டல் வாசலில் இறங்கும்போது அவள் நாகேஸ்வரியிடம் மட்டும் சொன்னாள். "வீட்டில் அவரைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். தயவுசெய்து."

மெல்பேணில், அவர்களுடைய வீடு இருக்கிற மல்கிரேவில் குளிர்காலம். பின்னேரமே இருட்டிவிடும். வந்த மறுநாள் நாகேஸ்வரி குசினியில் நின்று, தேத்தண்ணீர் ஆறுகிறதே என்ற அவசரத்தில் பழக்கதோஷத்தில் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ."

"ஓம், வாறன்."

கார் நிறுத்துகிற கராஜிலிருந்து வந்தது. ஜன்னலால் பார்த்தால், இந்திரகுமார் பின்வளவில் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டிருந்தார்.

நடந்ததைச் சொன்னாள். யார் கேட்டார்கள்? "உமக்குப் பிரஷர் கூடியிட்டுது" என்றார் அவர். "இட்ஸ் ஜஸ்ட் ஜெட் லாக், அம்மா" என்றாள் பிரவீணா, ஃபோனில், வேறு ஏதோ வேலை பார்த்துக்கொண்டே. சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிற்று. அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தன் வீட்டில் தனக்கு நடப்பதை நம்ப ஒரு ஆளும் இல்லை.

பெயரைச் சொல்லிப் பழகத்தான் பார்த்தாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் "இந்திர..." என்று தொடங்குவாள். தெருவில் நின்று உடுப்பைக் கழற்றச் சொன்னதுபோல உடம்பு கூசும். அதற்குமேல் வராது.

ஆகவே கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். சாப்பாடு தயாரானால் முழங்கால் நோவோடு நடந்து போய் அவருடைய தோளில் தட்டுவாள். மேல்மாடியில் நின்றால் படியேறிப் போவாள். கஷ்டம்தான், ஆனால் வீடு அமைதியாக இருந்தது. மனுசன் உயிரோடு கண்முன்னால் உலாவினால் போதும், பதில் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். கராஜுக்குப் போகிற கதவை மட்டும் எப்போதும் பூட்டி வைத்தாள்.

அன்று மழை. நாகேஸ்வரி புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். இந்திரகுமார் முன்னறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். மாவின் மணத்துக்குள் வேறொரு மணம் கலந்து வந்தது.

ஈரச் சாம்பல்.

"இஞ்சேருங்கோ."

கராஜ் பக்கமிருந்து ஒரு பெண்குரல் கூப்பிட்டது. கொஞ்சம் சலிப்பு, கொஞ்சம் உரிமை, கடைசியில் ஒரு சின்ன இழுப்பு.

அது அவளுடைய குரல்.

அவளுடைய வாய் மூடியிருந்தது.

"ஓம், வாறன்" என்றார் இந்திரகுமார்.

முதல் தரத்திலேயே சொன்னார். நல்ல ஓவர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு எழும்பினார். குசினி வாசலைத் தாண்டிப் போகும்போது இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முகத்தில் ஒரு பணிவு இருந்தது. இத்தனை வருசத்தில் அவள் கண்டிராத பணிவு.

பூட்டியிருந்த கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு.

நாகேஸ்வரி மாக்கையோடு ஓடினாள். முழங்கால் மடங்கியது, சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள். அவர் ஒரு காலைத் தூக்கி நிலைப்படிக்கு மேலே வைத்துவிட்டார். அவள் கூச்சம், பழக்கம், தாய் சொன்னது எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"இந்திரகுமார்."

அவர் நின்றார்.

மெல்லத் திரும்பினார். நித்திரையால் எழுப்பிவிட்டதுபோல விழித்தார். "என்னப்பா, நீர் இஞ்சையோ நிக்கிறீர்? உள்ளுக்கை நிண்டெல்லோ கூப்பிட்டனீர்?"

அவள் அவருடைய சட்டையை மாக்கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டாள். கடைசியில் அந்தப் பெயரைச் சொல்லி ஆளை மீட்டுவிட்டாள். அவள் அழத் தொடங்கினாள்.

இருட்டுக்குள் கல் உரசியது.

பிறகு அவளுடைய குரலிலேயே, இப்போதுதான் கேட்டுப் பழகுகிறதுபோல, எழுத்தெழுத்தாக வந்தது.

"இந்... திர... குமார்."

இரண்டாம் தரம் தடக்கல் இல்லாமல் வந்தது. காலமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லியே குடும்பம் நடத்திய ஒருத்தியைப்போல, அத்தனை இயல்பாக.

அவளுடைய பிடிக்குள் சட்டை இறுகியது. அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றார். "வாறன்."