கண் திறந்து கொடுத்த படம்

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் உலையில் அரிசியைப் போட்டுத் திரும்பி வந்தபோதும் அந்தப் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. சண்முகப்ரியா நிலைப்படியிலேயே நின்று அதைப் பார்த்தாள். அலமாரியின் நடுத்தட்டில், செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. அவள் கணவன் செந்தில்முருகன் இத்தனை வருஷமாக எடுத்த கல்யாணம், காதுகுத்து, குலசைத் தசரா என்று மொத்தப் படங்களும் அதற்குள்தான் இருந்தன. சர்வர் என்று பெரிய பேர் அதற்கு. யாராவது அதிலிருந்து ஒரு படத்தைத் திறந்தால்தான் அந்த விளக்கு துடிக்கும். வீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அவளுடைய கம்ப்யூட்டரும் அணைந்து கிடந்தது.

வெளியே ஐப்பசி மழை. மத்தியானம் பிடித்தது இருட்டு கட்டியும் விடவில்லை. தெருவில் சாக்கடையும் மழைத்தண்ணீரும் ஒன்றாகி, அந்த நாற்றம் மாடிவரை ஏறி வந்து, உப்பளப் பக்கத்துக் காற்றோடு கலந்தது. ஜன்னல் திரையைத் தொட்டால் கை பிசுபிசுத்தது. தூத்துக்குடிக் காற்றுக்கு இரும்பென்றால் இளக்காரம். ஜன்னல் கம்பி, ஃபேன், போன வருஷம் வாங்கிய மிக்ஸி என்று ஒன்றையும் விட்டுவைக்காது. பெட்டிக்கும் அந்தக் கேடுதான் வந்திருக்கிறது என்று முதலில் நினைத்தாள். மத்தியானத்திலிருந்தே எந்த ஃபோல்டரைத் தட்டினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர, ஒன்றும் திறக்கவில்லை.

அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து செந்திலுக்குக் கண் சரியில்லை. திரை விழுந்த மாதிரி இருக்கிறது என்றான். மருந்து விட்டும் கேட்கவில்லை. அந்தக் கண்ணோடு குலசேகரன்பட்டினத்தில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் படமெடுக்கக் காலையில் பைக்கில் போயிருந்தான். போக வேண்டாம் என்று அவள் மறித்ததற்கு, "கண்ணு நோவுதுன்னு சொன்னா நாளைக்கு எவன் கூப்பிடுவான்?" என்று கேட்டுவிட்டுப் போனான். இப்போது அந்த மழைக்குள் திரும்பி வந்துகொண்டிருப்பான்.

பெட்டியிடம் வந்தாள். ஒயர்களைப் பிடுங்கிச் செருகினாள். ரூட்டரை அணைத்துப் போட்டாள். பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே கரக், கரக் என்று சின்னச் சத்தம். ஒரு கரக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு கரக். மிஷின் வேலை செய்கிற சத்தம் இப்படி நிறுத்தி நிதானித்து வராது என்று அவளுக்குத் தோன்றியது.

விக்டரைப் போனில் கூப்பிட்டாள். பெட்டியை வாங்கி மாட்டிக்கொடுத்தவன் அவன்தான். செந்திலை அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ரொம்ப நாள் கூட வேலை பார்த்துவிட்டு, இந்த ஆவணியில் தனியாக ஸ்டூடியோ போட்டுக்கொண்டு, போகும்போது நல்ல வாடிக்கை சிலரையும் கூட்டிக்கொண்டு போனவன். பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

"பெட்டி செத்திருந்தா லைட்டே எரியாது மைனி," என்றான் விக்டர். "இது வேலை பாக்கு. வேற யாருக்கோ வேலை பாக்கு. அதான் ஒங்களுக்குப் பதில் சொல்லல."

"வேற யாருக்கு?"

கேட்ட கையோடு அவளே குரலைத் தாழ்த்தினாள்.

"நீ உள்ள வந்து எதையும் எடுக்கியா விக்டர்? உள்ளதச் சொல்லிரு. அவங்ககிட்ட சொல்லமாட்டேன்."

"மாதா சத்தியமா இல்ல மைனி. ரூட்டருக்கு வெளியயிருந்து வார நெட்டு ஒயரப் பிடுங்கிருங்க. வெளியயிருந்து எவன் வந்திருந்தாலும் லைட்டு நின்னுரும்."

பிடுங்கினாள். லைட்டு நிற்கவில்லை.

கம்ப்யூட்டரைப் போட்டு, என்னென்ன படம் திறந்திருக்கிறது என்று காட்டுகிற பக்கத்துக்கு அவன் வழி சொல்லச் சொல்லப் போனாள். பக்கம் நத்தையாக வந்தது. வரிசையாகப் படங்களின் பெயர்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெயர் போய் அடுத்த பெயர் வந்தது. பெட்டிக்குள் கரக் என்றது. ஆழ்வார்திருநகரியில் எடுத்த ஒரு காதுகுத்து, செந்தில் கேமரா வாங்கிய புதிதில் எடுத்தது. அதில் ஒரு குழந்தை அழுகிற படம். ஓர் ஆள் படத்தைக் கையில் வாங்கி ஆசைதீரப் பார்க்கிற நேரம் அது அங்கேயே நின்றது. பிறகு அடுத்தது. பந்தல். பிறகு பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள். ஒன்றைக்கூட விடவில்லை.

அவள் வாசித்துச் சொல்லச் சொல்ல விக்டரின் குரல் இறங்கியது. "களவாங்குதவன் மொத்தமா அள்ளிட்டுப் போவான் மைனி. இது ஒண்ணொண்ணாப் படம் பாக்கு. ஒங்க வீட்டுக்குள்ளயிருந்தே பாக்கு. வேற யாரும் இருக்காங்களா அங்கன?"

அவள் போனைக் காதில் வைத்தபடியே படுக்கை அறைக்குள் போனாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். குளியலறைக் கதவைத் தள்ளினாள். வாளியில் குழாய்த்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மொட்டைமாடிக் கதவு உள்தாழ் போட்டபடி இருந்தது. யாரும் இல்லை. விக்டர்தான் இதையெல்லாம் எங்கிருந்தோ செய்துகொண்டு தன்னைப் பயமுறுத்துகிறான் என்று நம்பிவிட்டால் நன்றாயிருக்கும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. நம்ப முடியவில்லை.

திரும்பி வந்தபோதுதான் வரிசையின் உச்சியில் ஒரு பெயர் மட்டும் மாறாமலே நிற்பதைக் கவனித்தாள். முந்தாநாள் சாயங்காலம் திறந்தது. இன்னும் மூடவில்லை.

மகாராஜன்.

"அப்புறம் பேசுதேன்," என்று போனை வைத்தாள்.

ஸ்டூடியோக்காரர்களுக்குக் கண் திறப்பது பழகிய வேலைதான். ஒரு படம்கூட இல்லாமல் செத்துப்போகிறவர்கள் உண்டு. சொந்தக்காரர்கள் பிணத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வருவார்கள். நாடிக்கட்டையும் மூக்குப் பஞ்சையும் அழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மூடிய கண்ணுக்கு மேல் வேறொருவர் கண்ணை ஒட்டி, மாலை போடுகிற படமாக ஆக்கித் தர வேண்டும். அதற்கென்றே சர்வரில் 'கண்கள்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாள். அதிலிருப்பவர்கள் அத்தனைபேரும் போய்ச் சேர்ந்தவர்கள். செந்தில் எதற்கும் கண்டிப்புக் காட்டாதவன், இதில் மட்டும் ஒரே பிடியாக நிற்பான். உயிரோடு இருக்கிறவர் கண்ணைச் செத்தவருக்கு வைக்கவே கூடாது. ஏன் என்று கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியாது. அவள் சிரிப்பாள்.

மகாராஜனின் தங்கை மகள் ஜீவமணி முந்தாநாள் வந்தாள். மறுநாள் பதினாறாம் நாள் விசேஷம். மாமா பிறந்ததிலிருந்தே கண் தெரியாதவர், கேமரா என்றாலே துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்வார் என்று அழுதாள். "ஒருநாளும் தெறக்காத கண்ணு, அக்கா. படத்துலயாவது தெறந்து வச்சிருங்க." கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்ததில் சர்வர் எழும்பவே இல்லை. ஜீவமணி குடையும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். யூ.பி.எஸ்.ஸில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரிலேயே செந்திலின் பாஸ்போர்ட் படம் கிடந்தது. அதிலிருந்து கண்ணை எடுத்துச் சண்முகப்ரியா வைத்துவிட்டாள். அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. தன் வேலையை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. கரண்ட் நிலைத்ததும் படத்தைச் சர்வரில் போட்டு வைத்தாள். செந்திலிடம் மட்டும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம்தான் அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.

திரையில் பெயர்கள் வேகம் எடுத்திருந்தன. கரக், கரக், கரக். காதுகுத்துகள் முடிந்தன. கல்யாணங்கள் ஓடின. தசரா வேஷக்காரர்கள் ஓடினார்கள். பிறகு வரிசை சட்டென்று தாவி, வீட்டு ஃபோல்டருக்குள் வந்தது. அவளுடைய கல்யாணம். அவளுடைய வளைகாப்பு, தங்காமல் போன அந்தப் பிள்ளைக்குப் போட்டது. போன பொங்கலுக்கு அவள் தலை துவட்டிக்கொண்டு நிற்கிற படம்.

அங்கே நின்றது.

அடுத்த படத்துக்குப் போகவில்லை.

நின்றுகொண்டே இருந்தது.

அவள் எட்டிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது முனகி முனகி ஓய்ந்தது. விளக்கு அணைந்தது. மழைச் சத்தம். அடுப்படியில் சோறு கொதிக்கிற சத்தம்.

போன் அடித்தது. செந்தில்.

"ஏளா பிரியா… ஒண்ணுந் தெரியலளா."

அவன் குரலுக்குப் பின்னால் லாரி ஹாரன். ரொம்பப் பக்கத்தில்.

"என்னங்க? வண்டிய நிப்பாட்டுங்க! ஓரமா நிப்பாட்டுங்க!"

"நிப்பாட்டிட்டேன்னுதான் நெனைக்கேன். ரெண்டு கண்ணும் போச்சுளா. கும்மிருட்டா இருக்கு. இப்பம்தான்… பட்டுன்னு…"

இன்னொரு ஹாரன். அவன் கத்தினான்.

அவள் தரையில் விழுந்து பிளக்கைத் தேடினாள். துளையில் செருக வரவில்லை. செருகிவிட்டாள். பெட்டி ஒருமுறை கீச்சிட்டது. ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே ஏதோ எழுந்து சுற்றத் தொடங்கியது. எழும்பட்டும். முருகா, சீக்கிரம் எழும்பட்டும்.

விளக்கு வந்தது.

"ஆங்," என்றான் செந்தில். மூச்சு வாங்கினான். "தெரியுது. மங்கலாத் தெரியுது. நம்ம தெரு முக்குக்கு வந்துட்டேன் போலிருக்கு. தண்ணி கெடக்கு. வண்டிய இங்கன போட்டுட்டு நடந்து வாரேன்."

"நான் கீழ வாரேன்."

"வேண்டாம். நீ அங்கனயே இரி. எங்கயும் போயிராத."

கடைசியில் சொன்னதை அவன் சொன்ன விதம் புதிதாக இருந்தது. அவள் கீழே போகவில்லை. அவன் வந்து சேருவதற்குள் வைத்த கண்ணை எடுத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவள் மனதில் ஓடியது. தான் செய்த பிழையைத் தானே சரிசெய்துவிட வேண்டும்.

மகாராஜன் படத்தைத் தட்டினாள். மத்தியானத்திலிருந்து எதையும் திறக்காத சர்வர் அதை மட்டும் தட்டியவுடனே திறந்தது.

திரை நிறைய அந்த முகம். ஒட்டிய கன்னம். நரைத்த மீசை. அவள் போட்டுவிட்ட வெள்ளைச் சட்டை. செந்திலின் கண்கள். இடது கண் வெள்ளையில் அவனுக்கு உள்ள அந்தச் சின்ன மச்சம். எல்லாம் அவள் வைத்தபடியேதான் இருந்தன. ஈரமாக இருந்ததைத் தவிர. அவள் ஈரம் வைக்கவில்லை.

கண்களைத் தனியாகத் தேர்ந்தெடுத்தாள். அழிக்கிற பொத்தானில் விரல் வைத்தாள்.

அழித்தால்?

பிளக்கைப் பிடுங்கியதற்கே அவனுக்கு உலகம் இருண்டது. அழித்துவிட்டால் திரும்பச் செருகுவதற்கு எந்தத் துளை இருக்கிறது? விரலை அழுத்தவும் முடியவில்லை. எடுக்கவும் முடியவில்லை. பயத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

மாடிப்படியில் காலடி. நனைந்த செருப்பு சளக், சளக் என்றது. கூடவே, உள்ளங்கை சுவரைத் தடவிக்கொண்டு வருகிற சத்தம்.

அவள் நாற்காலியைத் தள்ளி எழுந்து வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

கதவு திறந்தது. டியூப்லைட் வெளிச்சம் முழுக்க அவன்மேல் விழுந்தது. தலையிலிருந்து தண்ணீர் வழிய, ஒரு கை சுவரில் பதிந்திருக்க, செந்தில் நின்றான். இரண்டு இமைகளும் மூடியிருந்தன. தூங்குகிறவனின் இமைபோல இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் அமுங்கிக் கிடந்தன.

"என்னங்க," என்றாள்.

அவன் முகம் அவள் குரலுக்குத் திரும்பியது. மெல்லச் சிரித்தான்.

"வந்தவன வான்னு சொல்லாம, ஏன்ளா முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கே?"

அவள் அவனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் திரை மட்டும்தான் இருந்தது.

வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே, மெதுவாக, திரையின் பக்கம் திரும்பினாள்.

"ஆங்," என்றது வாசலிலிருந்து அவன் குரல். "இப்பம் மொகம் தெரியுது."