பின்கதவின் உட்கைப்பிடி

கூதிர்ப் பருவம் தன் முழு எடையோடும் மண்மேல் இறங்கியிருந்தது. வானம் நாள் முழுதும் கண் திறக்கவில்லை. மழை பெய்கிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாதபடி ஓர் ஈரம் சுவரிலும் துணியிலும் மூச்சிலும் ஊறிக் கிடந்தது. பறவைகள் குரலை மறந்து இலைகளின் உள்ளே ஒடுங்கின. மாலைக்கு முன்பே இருள் வந்து, அழையாத விருந்தாளியைப் போல வாசற்படியில் குந்திக்கொண்டது.

அத்தகைய பொழுதொன்றில், வீட்டை ஒட்டிய ஷெட்டில் நின்ற பழைய கறுப்புக் காரின் பின்கதவுக் கண்ணாடி மங்கியிருப்பதைப் பல் மருத்துவர் கண்டார். ஈரக் காலத்தில் கண்ணாடி மங்குவது இயல்புதானே என்று துணியை எடுத்துத் துடைத்தார். மங்கல் அகலவில்லை. அது உட்புறத்தில் இருந்தது. முன்கண்ணாடிகளோ பளிங்காய்த் தெளிந்திருந்தன.

மனைவி கருவுற்ற செய்தி கேட்ட வாரமே அவர் அந்தக் காரை வாங்கிவிட்டார். பிள்ளையை மருத்துவமனையிலிருந்து அதில்தான் அழைத்து வருவேன் என்பது அவர் பிடிவாதம். துருவைச் சுரண்டி, பட்டி பூசி, வண்ணம் ஏற்றி, இருக்கைகளுக்குப் புது ஸ்பிரிங் வைத்துத் தைத்து, மனைவிக்கு நிறைமாதமானபோது வண்டியும் ஏறக்குறைய நிறைவுற்றிருந்தது. எஞ்சியவை பின்கதவுகள் மட்டுமே. உள்ளிருந்து திறக்கும் கைப்பிடிகள் அவற்றில் இல்லை. அவை இருந்த துளைகளை யாரோ இரும்புத் தகட்டால் மூடிப் பற்றவைத்திருந்தார்கள்.

பட்டறை வைத்திருக்கும் மைத்துனன் சென்ற வாரம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தொட வேண்டாம் என்றான். முன்பு வைத்திருந்தவர் ஓடும் வண்டியில் குழந்தை கதவைத் திறந்துவிடும் என்று அஞ்சியிருப்பார் என இவர் சமாதானம் சொன்னார்.

"குழந்தைக்குப் பயந்தவன் தாழ்ப்பாள் போடுவான், மாமா. இப்படிச் சமாதி கட்ட மாட்டான்."

பிறகு அவனே சிரித்து, "சொத்தைப் பல்லைத் தோண்டுங்க. நல்ல பல்லை எதுக்குத் தோண்டுறீங்க?" என்று கேலி செய்துவிட்டுப் போனான். ஆனால் தகட்டை அறுத்துத் தர அவன் கை நீளவில்லை.

தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்திலேயே வண்டி நிற்க வேண்டும் என்பது மருத்துவரின் விரதம். ஆகவே இன்று மதியம் தகடுகளைத் தாமே அறுத்தெடுத்தார். பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த கைப்பிடிகளைப் பொருத்தி, திருகுகளை முறுக்கி, கதவுகளைச் சாத்தினார்.

இப்போது அந்தக் கண்ணாடியின் மங்கல் மெல்ல விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது. உறங்குபவரின் மூச்சுக்கு உள்ள நிதானம் அதில் இருந்தது. தகரக் கூரையில் தூறல் விழும் ஓசைக்கு அடியில், புதிதாய்த் தைத்த ரெக்ஸின் முறுகும் ஓசை கேட்டது. யாரோ உட்கார்ந்தபடியே உடலை நகர்த்துவதைப் போல.

அவர் குனிந்து, கண்ணாடியின் தெளிந்த ஓரம் வழியே உள்ளே பார்த்தார். இருக்கை காலியாக இருந்தது. காலியான இருக்கையின் நடுவே ஆழமான ஒரு பள்ளம்.

கைப்பிடி அசைந்தது.

தாமே பொருத்திய கைப்பிடி, உள்ளே, கண்ணெதிரே, ஒரு நூல் அளவு தாழ்ந்தது. நின்றது. பழகிப் பார்ப்பதைப் போல மீண்டும் தாழ்ந்தது.

இரு கைகளாலும் கதவை அழுத்தினார். தோளைக் கொடுத்தார். வழுக்கும் தரையில் காலை ஊன்றினார். கைப்பிடி ஓய்ந்தது. மூச்சு விட்டார்.

மறுபக்கத்துப் பின்கதவு, டக் என்று திறந்தது.

இருக்கையின் பள்ளம் மெதுவாக நிமிர்ந்தது. ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாய் எழுந்தன. ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் செல்லும் கதவு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அது இப்போது பாதி திறந்திருந்தது.

ஓடினார்.

படுக்கையறையில் மனைவி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. காலடி கேட்டு, பாதி உறக்கத்தில் முனகினாள்.

"ஏங்க, மறுபடி எங்க போனீங்க? கையைத் துடைச்சுட்டு வயித்துல வைக்கக் கூடாதா? ஐஸ் மாதிரி இருக்கு."

அவர் கைகளிலோ கிரீஸ் காய்ந்திருந்தது. கட்டிலை அவர் இன்னும் நெருங்கவே இல்லை. அலறினால் இவள் பதறுவாள். பதறினால் பிள்ளைக்கு ஆகாது. ஒன்றுமில்லை, தூங்கு என்றார். அவள் தூங்கினாள்.

கூடத்து விளக்கின் ஒளி கட்டில்மேல் சரிந்திருந்தது. கட்டிலருகே மண்டியிட்டார். கைகளைக் குவித்துக் கண்களை மூடினார். என்னை எடுத்துக்கொள், இருவரையும் விட்டுவிடு என்று தாம் நம்பிய இறைவனிடம் உதடு அசையாமல் வேண்டினார்.

கண் திறந்தபோது, சேலைக்கு மேல், நிறைவயிற்றில், ஐந்து விரல்களின் பள்ளம் பதிந்திருந்தது. அது மெல்ல வருடியது.

இருக்கும் இடம் தெரியாத ஒரு முதிய குரல், மிகுந்த வாஞ்சையோடு, வயிற்றுக்குள் இருப்பதை வாழ்த்தியது.

"நூறு வருஷம் நல்லா இரு, கண்ணே."