பட்டினிப் பாய்

2064 ஜனவரி 11 அன்று வேம்பாருக்குக் கிழக்கே எண்ணெய்க் கப்பல் ஒன்று உடைந்தது. மீன்பிடிக்கக் கூடாதென்று கடல் மூடப்பட்டது.

ஏழு வருடம் கழித்தும் மெல்டா விடிந்ததும் தோணியேறித் தன் பூஞ்சைப் பாயைப் பார்க்கப் போய்வந்தாள். தென்னை நாரில் அவள் வளர்த்த பூஞ்சை அது. மிதந்தபடியே கச்சா எண்ணெயைத் தின்னும். தின்னும்வரை மூச்சு விடும். நடுவே செருகிய மூச்சுமானி அதை அளந்து கரைக்குச் சொல்லும். மற்றவர்களின் பாய்கள் எப்போதோ ஓய்ந்துவிட்டன. இவளுடையது மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவள் கணவன் கஸ்பார், ஈரம் காணாத தன் படகின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துவான். அன்று மதியம் சாப்பிடும்போது கேட்டான்.

"ஏட்டி, இன்னைக்கும் குழம்பு தண்ணியாத்தான இருக்கு. முந்தாநாள் வாங்குன நல்லெண்ணெய் எங்க? குடிக்கியா?"

"ஆமா, கிளாஸ்ல ஊத்திக் குடிக்கேன். பேசாம தின்னுங்க."

கஸ்பார் சிரித்தான். காலையில் தோணிக்குள் கிடந்த காலிப் பாட்டில் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றது.

"பாய்க்கா ஊத்துத?"

மெல்டா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "ஓரமெல்லாம் சுருண்டு போச்சு. கடல்ல அதுக்குத் தின்ன ஒண்ணும் இல்லங்க. நான் வளத்தது. பட்டினி கெடக்கதப் பாக்க முடியல."

"எப்ப இருந்து?"

"மாதா கோயில் கொடியேத்துக்கு முந்தியே."

கடல்நீரைக் குப்பியில் அள்ளிச் சோதிப்பதை அந்தக் கரையில் இப்போது யாரும் நம்புவதில்லை. கடைசிப் பாயும் பட்டினியில் செத்தால்தான் கடல் சுத்தம். அதன் பிறகுதான் வலை இறங்கலாம். அதற்காக ஊரே காத்திருந்தது.

கஸ்பார் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"நாளைக்கு நானும் வாரேன்."

"எதுக்கு?"

"ஊத்த இல்ல. சும்மா கூட இருக்கதுக்கு."

"ஊருக்கு என்னங்க சொல்ல?"

"அது ஓயட்டும். பெறவு ரெண்டு பேருமாச் சொல்லுவோம்."

அதன்பின் இருவரும் பாட்டில் இல்லாமல் போனார்கள். மெல்டா பாயின் மேல் கை வைத்துக்கொள்வாள். கஸ்பார் அலை மோதாமல் தோணியைப் பிடித்துக்கொள்வான். ஒரு நாள் காலை மூச்சுமானியின் பச்சை விளக்கு அணைந்தது. அவள் உடனே கையை எடுக்கவில்லை. அவனும் திரும்பலாம் என்று சொல்லவில்லை.

ஊர்க்கூட்டத்தில் மெல்டா எழுந்து நடந்ததைச் சொன்னாள். பிறகு எந்தப் படகை முதலில் கடலில் தள்ளுவது என்று பேச்சு தொடங்கியது.

2071 பிப்ரவரி 3 அன்று கடல் திறக்கப்பட்டது. கஸ்பாருக்கு அரைக் கூடை சாளை மீன் கிடைத்தது. மெல்டா அதை எண்ணெய் ஊற்றிப் பொரித்தாள்.