புகை வீட்டுக்குப் போன கொக்கோ

அந்த வருஷம் எங்கள் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நிமிர்ந்து நடந்தவை கோழிகள் மட்டும்தான்.

மனுஷர்களுக்கெல்லாம் சிக்குன்குனியா. காய்ச்சல் வந்த வேகத்தில் போய்விடும். மூட்டு வலி மட்டும் போகவே போகாது, அழையாத விருந்தாளி மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். காலையில் குழாயடிக்கு வருகிறவர்கள் வாளியை ஒரு கையிலும் இடுப்பை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

நிரோஷாவின் அம்மா விஜயகலா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். இப்போது அவளுக்கு விரல்கள் மடங்கவில்லை. வெட்டுக் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. அதுவாவது பரவாயில்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

"ஒரு வாய் கஞ்சி குடிங்கம்மா."

"வேணாம் புள்ள. வாயெல்லாம் கசக்குது."

"பிளேன் டீ ஊத்தவா?"

"அதுவும் கசக்குது. என்னைய விட்டுருடி."

தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்பென்சர் ஐயா வந்து பார்த்தார். "காய்ச்சல் போயிருச்சு. ஆனா வயித்துக்கு ஒண்ணும் போகலைன்னா உடம்பு தாங்காது. இப்படியே இருந்தா கேகாலை பெரியாஸ்பத்திரியிலதான் சேர்க்கணும்" என்றார்.

அம்மா அந்தப் பெரிய கட்டடத்தில் தனியாகப் படுத்திருப்பதை நிரோஷாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஏற்கெனவே சமைப்பது, தம்பி சசியைக் குளிப்பாட்டுவது, பள்ளிக்கூடம் போவது, வந்து மறுபடி சமைப்பது எல்லாம் அவள்தான். காய்ச்சல் வராமலே பத்து வயசில் அவளுக்கு முதுகு வலித்தது.

அன்று அம்மா கண்ணை மூடியபடியே சொன்னாள்: "கொழும்புல வேலை செஞ்சப்போ, எசமானி நோனா வீட்டுப் புள்ளைகளுக்குச் சாக்லேட் பால் காச்சிக் குடுப்பேன். என்னா வாசனை தெரியுமா! அது ஒண்ணுதான் இப்ப நெனைச்சா கொமட்டல."

நிரோஷா எழுந்து உட்கார்ந்தாள்.

தோட்டத்துக் கடையில் கருவாடு கிடைக்கும், பருப்பு கிடைக்கும். சாக்லேட் பாலுக்கு அங்கே எங்கே போவது? ஆனால் ஓடைக்கரையில் கொக்கோ மரங்கள் கேட்பாரில்லாமல் நிற்கின்றன. பிள்ளைகள் காயை உடைத்து, உள்ளே இருக்கும் இனிப்பான வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவார்கள். சாக்லேட்டே அந்தக் கொட்டையில்தான் இருக்கிறது. கிராமத்து ஆட்கள் அதை வாழை இலையில் பொத்தி வைத்துப் புளிக்கவிட்டு, பிறகு ரோட்டோரம் பாய் விரித்துக் காயப்போடுவதைப் பள்ளிக்கூடம் போகும்போது அவள் பார்த்திருக்கிறாள்.

கூடை நிறைய காய் பறித்து வந்தாள். ஒவ்வொன்றாக உடைத்தாள். சசியின் கன்னம் இரண்டு பக்கமும் உப்பியிருந்தது.

"துப்புடா! சப்பினா புளிக்காது!"

"ஒண்ணே ஒண்ணுக்கா."

"வாயைத் திற. அடப்பாவி, இதுவா ஒண்ணு?"

வழவழவென்ற கொட்டைகளை வாழை இலையில் பொதிந்து, மேலே சாக்கைப் போட்டு மூடினாள். நாளாக ஆக உள்ளே சூடு ஏறியது. வாசனையும் ஏறியது. ஒருநாள் பக்கத்து வீட்டுச் சுப்பம்மா பெரியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏன் நாகலிங்கம், பொண்டாட்டி இப்படிக் கெடக்கையில வீட்டுக்குள்ள கசிப்பு காச்சுறியா?"

அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சாராயமா? நானா? ஐயோ, இது நிரோஷாவோட கொக்கோ! வந்து மோந்து பாருங்க!"

சாக்கைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் பெரியம்மா நம்பினாள். பாதிதான் நம்பினாள்.

அடுத்தது காயவைக்கிற வேலை. அன்றைக்கென்று பிடித்தது மழை. விடவே இல்லை. சுளகில் பரப்பிய கொட்டைகள் பிசுபிசுவென்று அப்படியே கிடந்தன.

அப்பாவுக்குப் புகை வீட்டில்தான் வேலை. ரப்பர் பாலை உறையவைத்துத் தட்டையாக அழுத்திய சீட்டுகளை அங்கே கொடியில் தொங்கவிட்டு, கீழே விறகுப் புகை போட்டு உலர்த்துவார்கள். அவர் தூக்கக் கலக்கத்தோடு சொன்னார்: "இதுக்கு எதுக்கு அழுவுற? ரப்பரே அங்க காயுது, கொட்டை காயாதா?"

நிரோஷாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அப்பா ஒரு பையில் பாதிக் கொட்டையை எடுத்துப்போனார். கலகலவென்று காய்ந்து வந்தது. அவள் ஆசை ஆசையாக வறுத்தாள், இடித்தாள், காய்ச்சினாள். முதல் மிடறு சசிக்கு.

அவன் முகம் கோணியது. "அக்கா, இது அப்பா சட்டை மாதிரி நாறுது!"

அவளும் குடித்துப் பார்த்தாள். உண்மைதான். புகையும் ரப்பரும் மட்டும்தான் தெரிந்தன. சாக்லேட்டைக் காணோம்.

அன்று மாலை டிஸ்பென்சர் ஐயா மறுபடி வந்தார். அம்மாவின் கண்ணைப் பார்த்தார், தோலை இழுத்துப் பார்த்தார். "திங்கட்கிழமை லொறி கேகாலைக்குப் போகுது. அதுல அனுப்பிருவோம்."

நிரோஷா அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டு அழக்கூடத் தெம்பில்லை. அப்பா வந்து பக்கத்தில் குந்தினார். "என் புத்தியைச் சொல்லணும்" என்றார்.

மறுநாள் காலை பாண் ரொட்டி வாங்க அவள் ரோட்டுச் சந்திக்குப் போனாள். மழையில் ஊரே நனைந்து கிடக்க, ஹுஸைன் நானாவின் பேக்கரியில் மட்டும் ஒரு பூனை உடம்பு முழுக்கக் காய்ந்துபோய், சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பாண் வேகும் போறணை அடுப்பின் மேலே.

நிரோஷா பூனையையே பார்த்தாள். போறணையைப் பார்த்தாள்.

"நானா, பாண் எடுத்த பொறகு போறணைக்குள்ள சூடு இருக்குமா?"

"பின்னேரம் வரைக்கும் இருக்கும் மகள். ஏன்?"

"பொகை இருக்குமா?"

"நெருப்பை வெளிய வாரிப்போட்டுத்தானே பாணே வைக்கிறது. பொகை எப்படி வரும்?"

அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஹுஸைன் நானாவுக்கும் அந்தக் காய்ச்சல் வந்து போயிருந்தது. மாவுத் தட்டைத் தூக்கும்போதெல்லாம் "யா அல்லாஹ்" என்று முனகுகிறவர். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, "வாய்க் கசப்பு எனக்குத் தெரியாதா மகள்? ஓடிப்போய் எடுத்துட்டு வா" என்றார்.

வீட்டில் மிச்சமிருந்த பாதிக் கொட்டை பாண் தட்டில் ஏறியது. இரண்டு நாள் பாண் இறங்க இறங்க அது உள்ளே போனது. திரும்பி வந்தபோது கொட்டையை உடைத்தால் மொறுக்கென்றது. மோந்து பார்த்தால் புகையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. சின்னத் தீயில் வறுத்தாள். சசி உட்கார்ந்து தோலை உரித்தான். அப்பா அம்மியில் அரைத்தார். அரைக்க அரைக்க அது எண்ணெய் விட்டு, கறுத்துப் பளபளவென்று களியாக வந்தது.

"கை போச்சு புள்ள" என்றார் அப்பா.

"இன்னும் நைசா வேணும்ப்பா."

சுப்பம்மா பெரியம்மா அரை மூடித் தேங்காய் கொண்டுவந்தாள். இந்த முறை அவள் மூக்கை உறிஞ்சியது சந்தேகத்தில் இல்லை. தேங்காயைத் துருவி முதல் பாலைக் கெட்டியாகப் பிழிந்தார்கள். கொக்கோக் களியை வெந்நீரில் கரைத்து, கித்துள் கருப்பட்டியும் ஒரு துண்டு கறுவாப்பட்டையும் போட்டு, கடைசியில் பாலை ஊற்றி, பொங்கவிடாமல் நிரோஷா கிண்டிக்கொண்டே நின்றாள். நின்றபடியே அவளுக்குக் கண் சொருகியது. கை மட்டும் நிற்கவில்லை.

வாசனை லயத்து வீடுகள் முழுக்கப் போனது.

அம்மா கண்ணைத் திறந்தாள். "யாரு வீட்டுல?"

"நம்ம வீட்டுலதாம்மா."

அம்மாவால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. நிரோஷா பிடித்துக்கொண்டாள். ஒரு மிடறு. அம்மா விழுங்கினாள். சசி கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான்.

"கசக்குதாம்மா?" நிரோஷா கேட்டாள்.

"கசக்குது."

நிரோஷாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"ஆனா இந்தக் கசப்பு நல்லாருக்கு புள்ள" என்றாள் அம்மா. இன்னொரு மிடறு குடித்தாள். பிறகு இன்னொன்று. கோப்பை சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, காலியானது. அம்மா மேலுதட்டை நாக்கால் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கா?"

எத்தனையோ நாளாக அம்மா எதையும் வேணும் என்று கேட்டதில்லை. நிரோஷா முதுகு வலியைக்கூட மறந்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.