சூடு ஆறாத பேட்டரி

பேட்டரி சூடாக இருந்தது. கையுறையைத் தாண்டியும் அது தெரிந்தது. டனூட்டா முதலில் தன் விரல்களைத்தான் சந்தேகப்பட்டாள். கணவனைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு விரல் நுனியில் எதுவும் சரியாக உறைப்பதில்லை. கொதிக்கிற தேநீர்க் கோப்பையைக்கூட சாவகாசமாக மேசை வரைக்கும் தூக்கி வந்து வைப்பாள். கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் உள்ளங்கையை அந்தக் கறுப்புப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தாள். அடைகாக்கிற கோழியின் அடிவயிறு போல ஒரு சூடு.

அந்தத் தகர ஷெட்டுக்குள் விட்ட மூச்சு வெள்ளையாக நின்றது. கூரைத் தகரத்தின் உள்பக்கம் முழுக்க உறைபனி பூத்து, கைவிளக்கின் வெளிச்சத்தில் மினுங்கியது. வண்டியை அவள் இரண்டு நாளாக வெளியே எடுக்கவில்லை. காலையில் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனதோடு சரி. இந்தக் குளிரில் சாயங்காலத்துக்குள் அது பாறையாகச் சில்லிட்டிருக்க வேண்டும். நகரப் பேருந்துப் பணிமனையின் பேட்டரி அறையில் தலை நரைத்தவள் அவள். பேட்டரி தானாகச் சூடாகாது, ஒன்று சார்ஜ் ஏற வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் வெகுநேரம் ஓடியிருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஆச்சரியப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. மைனஸ் ஒயரை முதலில் கழற்றினாள், பிறகு பிளஸ். பேட்டரியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, ஷெட்டைப் பூட்டிவிட்டு, மாடிப்படி ஏறினாள்.

போலந்தின் வடகிழக்கு மூலையிலிருக்கிற அந்தச் சுவாவ்கி நகரத்தில் குளிர்காலத்தில் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. உறைகிற குளிரில் பேட்டரிக்குப் பாதி பலம் போய்விடும். சார்ஜ் குறைந்ததாக இருந்தால் உள்ளேயிருக்கிற ஆசிட்டே உறைந்து பெட்டி வெடித்துவிடும். அதனால் சாயங்காலம் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவருவதும், காலையில் மாட்டுவதும் வழக்கம். சொந்தப் பிள்ளையை இவ்வளவு ஒழுங்காகக் கவனிக்காதவர்கள்கூட பேட்டரியைக் கவனிப்பார்கள்.

அவள் கணவன் ஸெனோன் மட்டும் இதற்கெல்லாம் மசிய மாட்டான். "உன் பணிமனையில பேட்டரிக்குத் தாலாட்டு பாடு, எங்கிட்ட பாடாதே" என்பான். ஷெட்டுக்குள்ளேயே எஞ்சினைக் கிளப்பி, ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டு, ரேடியோ கேட்டபடி அரை மணி உட்கார்ந்தால் பேட்டரி தானே ஏறிவிடும் என்பது அவன் கட்சி. நின்ற இடத்தில் ஓட்டினால் உருப்படியாக ஏறாது, புகைதான் மிச்சம் என்று அவளும் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனாள். பனிப்புயல் அடித்த ஒரு சாயங்காலம், காற்று உள்ளே வருகிறதென்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவன் அந்த நச்சுப் புகையை விட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்து ஷெட்காரர் மியெதெக்தான் போய்ப் பார்த்தார். ரேடியோ அப்போதும் பாடிக்கொண்டிருந்ததாம்.

அந்த வண்டியை விற்றுத் தொலைக்கும்படி எல்லோரும் சொன்னார்கள். டனூட்டா கேட்கவில்லை. மகள் யகோடா காட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு குக்கிராமத்தில், நிறைமாதமாக இருந்தாள். மருமகன் நார்வேப் பக்கம் மீன்பிடிக் கப்பலில். போன பனிக்காலத்தில் அதே ஊருக்கு வேறொருத்திக்காக அழைத்த ஆம்புலன்ஸ், தாயும் பிள்ளையும் செத்துப்போன பிறகுதான் வந்து சேர்ந்தது. மாடுகளை யாரிடமும் ஒப்படைக்க முடியாமல், அடுத்த வாரம் வருகிறேன் அடுத்த வாரம் வருகிறேன் என்று யகோடா நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். வலி எடுத்தால் ஒரு போன் போடு, கிளம்பி வந்துவிடுவேன் என்று டனூட்டா வாக்குக் கொடுத்திருந்தாள். ஸெனோனும் அதே வாக்கைக் கொடுத்திருந்தான். அந்தச் சாயங்காலம் அவன் ஷெட்டுக்குப் போனதும் அதற்காகத்தான். ஆகவே அந்த வண்டி கிளம்பியாக வேண்டும். அவளுக்குள் மரத்துப்போகாமல் மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான்.

சமையலறைத் தரையில் பழைய துணி விரித்துப் பேட்டரியை வைத்தாள். சோடா கலந்த வெந்நீரில் டெர்மினல்களைத் துடைத்தாள், மூடிகளைத் திருகி எடுத்தாள். வாயு சேராமலிருக்க ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வைத்தாள். சார்ஜரை மாட்டினாள். மின்னோட்டம் காட்டும் முள் எழும்பவே இல்லை. கண்ணாடிக் குழாயால் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தபோது உள்ளே மிதவை உச்சியில் நின்றது. முழு சார்ஜ். காலையில் அவள் மாட்டும்போது இருந்ததைவிட அதிகம். யாரோ அதை வெகுநேரம், பொறுமையாக, ஏற்றியிருக்கிறார்கள்.

மறுநாள் படிக்கட்டில் மியெதெக் எதிர்ப்பட்டார். வழக்கமாக வம்பளந்துவிட்டுத்தான் வழிவிடுவார். அன்று தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க டனூட்டாம்மா. நேத்து சாயங்காலம் வண்டிய ஷெட்டுக்குள்ளயே ரொம்ப நேரம் ஓட விட்டிருக்கீங்க. கதவு வேற சாத்தியிருந்துச்சு. அவருக்கு அப்படி ஆனதுக்கு அப்புறமும் நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

எத்தனை மணிக்கு என்று அவள் கேட்டாள். இருட்டின பிறகு, சாப்பாட்டு நேரத்தில் என்றார். அந்த நேரத்தில் பேட்டரி அவள் காலடியில், சமையலறைத் தரையில் இருந்தது. இனிமேல் ஓட விடமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அவர் நிம்மதியாகப் படியிறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் பேட்டரியைக் கழற்றும்போது அது முந்தின நாளைவிடச் சூடாக இருந்தது. ஒயர்களை எட்ட விலக்கித் துணி சுற்றி வைத்தாள். பானட்டைச் சாத்தவில்லை, அந்தச் சத்தத்தை அந்த இடத்தில் கேட்க அவளுக்கு மனமில்லை. பூட்டைப் பூட்டி, பூட்டுச் சாவி, வண்டிச் சாவி இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கதவுக்கு முன்னால் புதுப்பனி பொழிய ஆரம்பித்திருந்தது.

வீட்டில் பீட்ரூட் சூப்பைச் சூடாக்கிவிட்டுக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். குளிர்சாதனப் பெட்டி உறுமி அடங்கியது. மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், தண்ணீர்க் குழாய்க்குள் எங்கோ தட்டியது, திறந்திருந்த ஜன்னல் விளிம்பில் காற்று சன்னமாக ஊதியது. இவற்றுக்கெல்லாம் அடியில், வெகுநேரமாகவே கேட்டுக்கொண்டிருந்து இப்போதுதான் கவனத்துக்கு வந்த ஒரு சத்தம் இருந்தது. கீழே, ஷெட் வரிசையில், ஓர் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சைலன்சரில் தகடு ஆடுகிற அந்தக் கடகடப்பை அவள் ஆயிரம் வண்டிகளுக்கு நடுவிலும் அடையாளம் சொல்வாள். சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. லேசாக அழுத்தி அழுத்தி விடுகிற கால்.

அவள் சார்ஜரைப் பார்த்தாள். அதை இன்னும் மாட்டவே இல்லை. ஆனாலும் மூடி கழற்றிய பேட்டரியின் ஆறு துளைகளுக்குள்ளும் குமிழி வந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஏறும்போது குமிழியும் ஏறியது. எஞ்சின் இறங்கும்போது குமிழியும் இறங்கியது. நீருக்குள் முகத்தை வைத்து யாரோ மூச்சு விடுகிற சத்தம். ஜன்னல் இடுக்கு வழியாகப் புகை வாடை வந்தது.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. பல் பிடுங்கும்போது ஊசி போட்ட தாடையைத் தொட்டுப் பார்ப்பது போலத் தன்னையே தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எஞ்சின் கியர் மாறியது. சத்தம் நகர்ந்தது. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து, காட்டுச் சாலைப் பக்கம் திரும்பி, தேய்ந்து, இல்லாமல் போனது.

அவள் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். தெருவிளக்கின் கீழே ஷெட் வரிசை தெரிந்தது. பூட்டு தொங்கியது. கதவுக்கு முன்னால் பனி அப்படியே கிடந்தது. ஒரு சக்கரத் தடம் இல்லை.

எவ்வளவு நேரம் அங்கேயே நின்றாளோ. போன் அடித்தது. யகோடா.

"அம்மா, நானே கூப்பிடணும்னு போனை எடுத்தேன், நீ அதுக்குள்ள வந்து நிக்கிற. மத்தியானத்துலேர்ந்தே வலி. பொய் வலின்னு நினைச்சு சும்மா இருந்துட்டேன்."

டனூட்டா பேட்டரியைத் திரும்பிப் பார்த்தாள். "நான் வரலடி. நான் வீட்ல இருக்கேன்."

"விளையாடாதேம்மா. வாசல்ல வெளிச்சம் அடிக்குது. நம்ம வண்டிதானே, அந்தத் தகரச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"யகோடா, வெளிய போகாதே. கதவத் தாழ்ப்பாள் போடு. பேட்டரி இங்க இருக்குடி, என் கால்மாட்டுல இருக்கு."

மகள் கேட்கவில்லை. போனில் காற்றடித்தது. பனியில் செருப்பு நெறுநெறுத்தது. வண்டிக் கதவு திறந்து மூடியது. அதற்கப்புறம் காற்றுச் சத்தம் இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும். மிக அருகில்.

"அப்பாடா" என்றாள் யகோடா. குரல் இறங்கியிருந்தது. "உள்ள நல்லா கதகதன்னு இருக்கும்மா."

போன் அணைந்தது. டனூட்டா திரும்ப அழைத்தாள். மறுபடி அழைத்தாள். ஆம்புலன்ஸை அழைத்து ஊர்ப் பெயரைச் சொன்னாள். சாலையில் பனி அள்ளிக்கொண்டிருக்கிறார்கள், பார்க்கிறோம் என்றார்கள். அவள் பேட்டரியைத் தூக்கினாள். எதற்கு என்று யோசிக்கவில்லை. மகளைக் கூட்டிவர வண்டி வேண்டும், வண்டிக்குப் பேட்டரி வேண்டும். கைகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போகிற வழியில் மியெதெக்கின் கதவைக் காலால் உதைத்தாள். உள்ளே தொலைக்காட்சி சிரித்தது. யாரும் வரவில்லை.

வெளியே குளிர் முகத்தில் அறைந்தது. பனி முழங்கால் வரை. அவளுக்கு முன்னால் யாரும் நடக்கவில்லை.

ஷெட்டுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

போனது. வந்துவிட்டது. பூட்டு பூட்டியபடி இருந்தது.

சாவி நுழைய மறுத்தது. பிறகு நுழைந்தது. கதவை இழுத்தாள். பனி தடுத்தது. காலால் தள்ளி, மறுபடி இழுத்தாள். ஓர் ஆள் நுழையும் அளவு திறந்தது. விளக்குகள் கண்ணில் அடித்தன. நீலப் புகை, இடுப்பு உயரத்துக்கு. பானட் திறந்தே இருந்தது, அவள் விட்டுப்போனபடி. அதற்குள் பேட்டரி இருந்த இடம் காலி. துணி சுற்றிய இரண்டு ஒயர்களும் சத்தத்தோடு சத்தமாக அதிர்ந்துகொண்டிருந்தன.

தூக்கி நின்ற பானட் வண்டிக்குள் இருப்பதை மறைத்தது. அவள் பேட்டரியை வாசல் பனியில் வைத்தாள். சுவரோடு ஒட்டி நகர்ந்தாள்.

பின் சீட்டில் யகோடா. தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. மேல்கோட்டு மடியில் குவிந்திருந்தது. கன்னம் சிவந்து, நல்ல தூக்கத்தில் இருப்பவள் போல.

ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு தொப்பி. ஒரு பிடரி. அந்தப் பிடரியை, பின் சீட்டில் உட்கார்ந்து வளர்ந்த யகோடாவுக்கு அடுத்து அவள்தான் அதிகம் பார்த்திருப்பாள். அது திரும்பவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கதவையும் அகலத் திற. அக்குளில் கைகொடுத்து மகளை வெளியே இழு. பனியில் போடு. கூச்சல் போடு. தெரியும். எல்லாம் தெரியும்.

"கதவச் சாத்து, டனூட்டா" என்றான் ஸெனோன். கோபமில்லாத குரல். சாப்பிட வா என்று கூப்பிடுகிற குரல். "பிள்ளைக்குக் குளிரும்."

அவள் விரல்களில் ஏதோ நடந்தது. முதலில் ஊசி ஊசியாக. பிறகு வலி. பிறகு சூடு. இத்தனை நாளும் இல்லாத சூடு, நுனிவரைக்கும். அவளுக்கு அழுகை வந்தது. கால்கள் அவளை வாசலுக்குத் திருப்பிக் கொண்டுபோயின. அந்த விரல்கள் கதவுத் தகரத்தின் விளிம்பைப் பற்றின. வேண்டாம் என்று அவள் சொன்னாள். வாயால்தான் சொன்னாள். கை இழுத்தது. வெளியே பனியில் வைத்திருந்த பேட்டரி கதவிடுக்கில் ஒரு கோடாகக் குறுகி மறைந்தது. கதவு சாத்திக்கொண்டது.

முன் சீட்டின் கதவு அவளுக்காகத் திறந்தது. உட்கார்ந்தாள். நல்ல கதகதப்பு.

பின்னால், யகோடாவின் மடியில், கோட்டு அசைந்தது. உள்ளே ஏதோ சின்னஞ்சிறியது, இன்னும் ஒரு தடவைகூட அழாதது, அந்தச் சூடான காற்றை வேக வேகமாக இழுத்துக்கொண்டிருந்தது.