விடுபட்ட ஏழு பேர்

செய்யாறு பேருந்தில் ரீனா நகர்ந்து இடம் கொடுத்தாள். வந்து உட்கார்ந்தவன் மழையில் முழுக்க நனைந்திருந்தான். ஒரு நொடிதான் அவன் கண்களைப் பார்த்தாள்... எத்தனை களைப்பு அவற்றில்!

அவன் கையிலிருந்த காகிதங்கள் சரிந்து அவள் மடியில் விழுந்தன. 'ஆரணி சாயப் பட்டறைத் தொழிலாளர்களின் சிறுநீரக நலம்.' அவளுக்குத் தெரிந்த கட்டுரை.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க. சுதாகர்னு என் பேரு. எவ்ளோ அலைஞ்சி எழுதினது... ஏதோ மிஷின் படிச்சிட்டு கொற சொல்லிகினு இருக்குது."

"மிஷின் மட்டும் இல்லைங்க. அது சொன்னது சரின்னு போட்டது நான்தான்."

வல்லுநர்கள் சரிபார்க்கும் முன்பே இணையத்தில் ஏறும் ஆய்வுக் கட்டுரைகளை ஒரு மென்பொருள் படிக்கும். தரவு வெளியிடப்பட்டிருக்கிறதா, இன்னொருவர் அதே ஆய்வைத் திரும்பச் செய்ய முடியுமா என்று பார்த்துக் குறைகளைக் கீழே எழுதும். அதைச் சரிபார்ப்பது ரீனாவின் வேலை. தொடக்கத்தில் நாற்பத்தொரு பேர், முடிவில் முப்பத்துநாலு பேர், மீதி ஏழு பேர் எங்கே என்று அவனிடம் கேட்டாள். அவன் முகம் இறுகியது. அடுத்த நிறுத்தத்திலேயே மழையில் இறங்கிப் போய்விட்டான்.

தரவு கேட்டு மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் இல்லை. திமிர் பிடித்தவன் என்று திட்டிக்கொண்டாள்... ஆனாலும் அந்தக் கண்கள் மறக்கவில்லை.

பிறகு ஒருநாள் நேரிலேயே பார்த்துவிட ஆரணிக்குப் போனபோது, ஒரு சாயப் பட்டறைச் சுவரில் அவன் கட்டுரையைப் பார்த்தாள். சிறுநீரகப் பாதிப்பு பெரிதாக இல்லை என்ற வரிக்குக் கோடு போட்டு முதலாளி ஒட்டியிருந்தார். கையுறை கேட்டவர்களுக்கு அதுதான் பதிலாம். அதன் கீழே அம்மணி என்ற பெண், வீங்கிய கால்களோடு, வெறுங்கையால் சாயத்தில் நூலை அலசிக்கொண்டிருந்தாள். ரீனா படம் எடுத்துச் சுதாகருக்கு அனுப்பினாள்.

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வெளியே வந்தபோது, எதிர்ச்சாரியில் அவன் நின்றிருந்தான்.

"அந்த ஏழு பேரும் ரெண்டாவது டெஸ்டுக்கு முன்னாடியே செத்துட்டாங்க. கிட்னி போயி..." குரல் உடைந்தது. "ரெண்டாவது ரிசல்ட் இல்லன்னு எடுத்துட்டேன். அதுல ஒருத்தரு எங்கப்பா எல்லப்பன். அவர ஒரு நம்பரா எழுத கை வரல."

அவன் நீட்டிய பரிசோதனைத் தாள்களை அவள் வாங்கிக்கொண்டாள்.

பெயர்களை மறைத்துத் தரவு முழுவதையும் ஏற்றினான். ஏழு மரணங்களையும் எழுதினான். இந்த முறை மென்பொருள் குறை சொல்லவில்லை. ஆனால் அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கட்டுரையிலிருந்து தன் பெயரை விலக்கிக்கொண்டார். சுவரில் இருந்த காகிதம் போனது, கையுறை வரவில்லை. அடுத்த மாதம் வேலூர் ஆஸ்பத்திரியில் அம்மணி இறந்துபோனாள்.

அவளை அடக்கம் செய்துவிட்டு இருவரும் நடந்து வந்தார்கள். தூறல் விழுந்தது.

"ஒழுங்கா எழுதியிருந்தா அந்தம்மா பொழச்சிருக்குமாங்க?" என்றான்.

ஆறுதலுக்காகப் பொய் சொல்ல அவளால் முடியவில்லை. "தெரியல சுதாகர்."

அவன் நின்றான். "இதுக்குத்தான்... உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. நல்லா இருக்குதுன்னு நீங்க சும்மா சொல்ல மாட்டீங்க. காலம் பூரா உங்ககூட இருக்கணும்னு தோணுது. வேற மதத்துக்காரன உங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்கன்னும் தெரியும்."

ரீனாவின் கண்கள் நிறைந்தன.

"மாட்டாங்க," என்றாள். "ஆனா எனக்கும் உங்கள புடிச்சிருக்கு. அத வீட்ல நானே சொல்றேன்."